மேலே மூடாத பாலம்

1. கடல் வந்தது. எங்கள் வீடு போனது.
2. வாவிக்கு மேற்கே அப்பாவின் ஊருக்குப் போனோம். மாமியின் வீட்டில் இருந்தோம்.
3. அந்த ஊருக்குச் சண்டை வந்தது. வாவியைக் கடந்து திரும்பவும் கிழக்கே வந்தோம். கூடாரத்தில் இருந்தோம்.
4. சண்டை எங்கள் மாவட்டத்தில் முடிந்து வடக்கே போனது. நாங்கள் மேற்கே திரும்பினோம். மாமியின் வீட்டுக்குக் கூரை இல்லை. தகரம் போட்டோம்.
5. சண்டை எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது.
6. நான் பற்குச்சிகளால் ஒரு பாலம் கட்டினேன்.
7. பாலம் உடைந்தது.

வரிசை சரிதான். அம்மாவிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். எட்டாவதாகவும் ஒன்று உண்டு. அதை ஏழுக்குக் கீழே நேராக எழுதினால் பொருந்தாது என்பதால் இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

எதையும் இலக்கமிட்டு எழுதுவது என் பழக்கம். வேலையில் அது உதவுகிறது. எந்தப் பாரம் எந்தத் தூணுக்குப் போகிறது, அங்கிருந்து எந்த அத்திவாரத்துக்கு இறங்குகிறது என்று மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு வந்தால் எங்காவது ஒரு தவறு கண்ணில் படும். சொந்த வாழ்க்கையை அப்படி எழுதும்போது இலக்கங்கள் ஒழுங்காக நிற்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்தது எப்படி வந்தது என்பதுதான் தெரிவதில்லை. முக்கியமாக ஆறுக்குப் பிறகு.

எங்கள் மாவட்டத்தை, கடலோடு கலக்கும் உப்பேரியான வாவி நீளமாக இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குப் பக்கம் எழுவான்கரை. கடலும் நகரமும் பெரிய பள்ளிக்கூடங்களும் அங்கேதான். மேற்குப் பக்கம் படுவான்கரை. வட்டை வட்டையாக வயல், மாடுகள், பிறகு காடு. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். கடற்கரையில் இருந்த எங்கள் வீடு அம்மாவின் சீதனம். பிறகு அது எனக்கு வந்திருக்கும். கடல் அந்த வீட்டைக் கொண்டுபோன பிறகு நாங்கள் அப்பாவின் தங்கையின் வீட்டுக்குப் போனோம். மாமி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் அம்மா அந்த வீட்டில் எதையாவது எடுப்பதென்றால் கேட்டுத்தான் எடுப்பார், உப்பைக்கூட.

வானொலி அந்தச் செய்தியைச் சொன்ன வருடம் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கணிதம் வரும். அதை முடித்து உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க ஆசை. எங்கள் ஊரைச் சுற்றியிருந்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பிரிவு இல்லை. நகரத்தில் இருந்தது. அதற்கு விடுதியில் தங்க வேண்டும். விடுதியிலிருந்து கடல் கூப்பிடு தூரம்.

அங்கேதான் எல்லாம் நின்றது. கடல் வந்த நாளுக்குப் பிறகு அம்மா எழுவான்கரையில் விரும்பித் தங்கியதே இல்லை. கூடாரத்தில் இருந்த காலத்தில் கடல் இருந்த திசைக்கு முதுகு காட்டி அவர் படுத்ததும் இல்லை.

“கடலடியில உன்னப் படுக்க விட்டுப்போட்டு நான் இஞ்ச கண்ண மூடுவனா? ஆட்ஸ் படி. ஆட்ஸ் படிச்ச ஆக்களெல்லாம் பட்டினியாவா கிடக்கிறாங்க?” என்பார். ஆட்ஸ் என்பது கலைப் பிரிவு; அது ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அப்பாவிடம் கேட்டால், “கொம்மா ஓம் எண்டா ஓம்தான் புள்ள,” என்பார். அம்மா ஓம் என்று சொல்லப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் கணித ரீச்சர் நகரத்திலிருந்து தினமும் வருபவர். வவுணதீவுப் பக்கமாகச் சுற்றினால் பாலம் உண்டு. ஆனால் எங்கள் ஊருக்கு அது பெரிய சுற்று. அதனால் அவர் படகுத் துறையில் ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றிக்கொண்டு வருவார். பாதை என்பது வள்ளங்களின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. ஒரு நாள் அவர் வகுப்பில் ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். வலய மட்டத்தில் ஒரு போட்டி. பற்குச்சியும் பசையும் மட்டும் வைத்து ஒரு பாலம் கட்ட வேண்டும். இரண்டு மேசைகளுக்கு நடுவே அதை வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, உடையும்வரை மண் போடுவார்கள். எவ்வளவு பாரம் தாங்கியது என்பதை, பாலம் எவ்வளவு பாரம் என்பதால் பிரிப்பார்கள். அதிகம் வருகிறவருக்கு முதலிடம். அதாவது பலமாக இருந்தால் போதாது. இலேசாகவும் இருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“நீ செய். நான் கொம்மாவோட கதைக்கிறன். போட்டிக்கு அவவையும் கூட்டிற்று வா. நீ கட்டினது நிக்கிறதக் கண்ணால பாத்தா அவக்கு மனசு மாறும்.”

“நிக்காட்டி ரீச்சர்?”

“நிக்காட்டி நிக்காட்டித்தான்.”

என் படிப்பு ஒரு பற்குச்சிப் பாலத்தில் போய் நின்றது இப்படித்தான். ரீச்சர் கதைத்தபோது அம்மா மறுக்கவில்லை. “வந்து பாக்கிறன், பாத்திற்றுச் சொல்றன்,” என்றார்.

குச்சிகளை அப்பா காத்தான்குடியில் வாங்கி வந்தார். கடைக்காரர் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டே, “என்ன அண்ணன், கலியாணமா? ஊருக்கே சாப்பாடோ?” என்று கேட்டாராம். பாலம் கட்டப்போகிறோம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். “துறையிலயா? கவர்மெண்டு கட்டுதில்ல எண்டு நீங்களே பல்லுக் குத்துற குச்சியோட இறங்கிட்டீங்களா?” என்று சொல்லி அவர் ஒரு பெட்டியைச் சும்மா கொடுத்தாராம். இதை அப்பா வீட்டில் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமியின் மகள், என் மச்சாள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவள் சொன்னது இன்னும் மோசம்.

“என்னகா, சீதன வீடா கட்டுறாய்? மாப்பிள்ளை தும்மினா வீடு விழுந்திரும்.”

“இது பாலம்.”

“பாலத்தையும் சீதனமாக் குடுக்கலாம். ஆர் வரப்போறான் எண்டதுதான் தெரியல்ல.”

மாமிக்கே சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து வளைத்துப் பார்த்தார். அது உடைந்ததும் மற்றக் குச்சிகளோடு போடாமல் தனியே வைத்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமியின் நிலைக்கண்ணாடியை நிலத்தில் கிடத்தி, குச்சிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் உருட்டுவேன். நேரான குச்சி சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தடக்குத் தடக்கென்று போகும். வளைந்ததெல்லாம் வீட்டாரின் பல்லுக்குப் போனது. நேரானவற்றின் கூர் முனைகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைத்து, வெள்ளைப் பசையால் ஒட்டி, காயும்வரை உடுப்புக் கொழுவும் கிளிப்பால் பிடித்து வைப்பேன். அதனால் வீட்டில் உடுப்புகள் காற்றில் பறந்து வேலிக்குப் போயின.

பாலத்தின் அமைப்பு எளிதானது. இரண்டு பக்கங்களிலும் முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்கள். கீழே ஒரு தளம். மேலே, இரண்டு பக்கச் சட்டங்களின் தலைகளையும் இணைத்துப் பெருக்கல் குறி போலக் குச்சிகள் வைக்க வேண்டும். அதை நான் வைக்கவில்லை. மேல்பக்கத்தைத் திறந்தே விட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. கூடாரத்தில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடக் கண்காட்சி ஒன்றுக்கு மட்டையால் ஒரு வீடு செய்திருந்தேன். நான்கு பக்கச் சுவரும் கூரையும் வைத்து நன்றாக ஒட்டியது. பள்ளிக்கூடம் போகும் வழியில் இருந்த சென்றியில், அந்தச் சோதனைக் காவலரணில், நின்ற ஆமிக்காரர் அதை வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். “உள்ளுக்கு என்ன?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். “ஒண்டும் இல்ல,” என்றேன். அவ்விடத்தில் சொல்லக்கூடாத பதில் அது. அவர் கூரையை விரலால் அழுத்தினார். கூரை உள்ளே போனது. பிறகு அந்த ஓட்டை வழியாகப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லைதான். வீட்டைத் திருப்பித் தரும்போது சிங்களத்தில் ஏதோ சொன்னார். அது மன்னிப்பா, எச்சரிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றுவரை தெரியாது.

இந்தப் பாலமும் ரீச்சர் வரும் துறையால், அதே மாதிரி ஒரு சென்றியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே எந்தப் பக்கத்தாலும் உள்ளே தெரிய வேண்டும், மேலால் கையை விட்டும் பார்க்க இடம் இருக்க வேண்டும் என்று மனதில் வைத்தே வரைந்தேன். அது எனக்குப் பயமாகத் தோன்றவில்லை. நீளம், அகலம், பசை காயும் நேரம் என்பதுபோல இன்னொரு நிபந்தனை, அவ்வளவுதான்.

ரீச்சர் பார்த்தவுடன் கண்டுபிடித்தார். “மேல குறுக்குக் குச்சி வைக்கல்லியே. பாரம் கூடக் கூட ரெண்டு பக்கமும் தலை சாயும்.”

“வச்சா உள்ளுக்குப் பாக்க ஏலாது ரீச்சர். சென்றியில உடைச்சிப்போடுவாங்க.”

ரீச்சர் குனிந்து பாலத்தின் மேல்பக்கத்தைப் பார்த்தார். துறைக்கு வந்தால், யாரும் கேட்பதற்கு முன்னமே ஸ்கூட்டியின் சீற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர். “ஓம், அதுவும் சரிதான்,” என்றார். “அப்ப பக்கக் குச்சிகள இரட்டையாப் போடு.”

அப்பாவும் அதையே சொன்னார். மச்சாள்கூட அதில் மட்டும் பகிடி பண்ணவில்லை. எங்கள் எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. சண்டை முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. ஆனால் சண்டையோடு சேர்ந்து எந்தெந்த வழக்கங்கள் முடிந்தன, எவை முடியவில்லை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாதவரை எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தோம்.

போட்டி நாள் காலையில் தூறல். மழைக்காலம் தொடங்கியிருந்தது. பாலத்தை உடுப்புத் தோய்க்கும் பேசினுக்குள் வைத்தேன். மேலே பொலித்தீன் போட அம்மா எடுத்து வந்தார்.

“மூடினா திறக்கச் சொல்லுவாங்கம்மா.”

“ஓம் என்ன?” என்று உடனே பொலித்தீனை மடித்து வைத்துவிட்டார்.

பாதையில் அம்மா எனக்கும் பேசினுக்கும் குடை பிடித்தார். வாவியில் காற்று பக்கவாட்டில் அடித்தது. குடைக்குக் கீழாலும் தூறல் வந்தது. கரையில் இறங்கினோம். சென்றி தூரத்தில் தெரிந்ததுமே அம்மா குடையைச் சுருக்கினார். முகம் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவ்விடத்திலிருந்து நனைந்துகொண்டு நடந்தோம்.

மண்மூட்டைகள் இருந்தன. தகரப் பந்தல் இருந்தது. பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் ஓர் ஆமிக்காரர், இளம் ஆள், வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையை அசைத்தார். “யன்ன, யன்ன.” போ என்று அர்த்தம். அந்தச் சொல் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அம்மா போகவில்லை. நின்று, கைப்பையைத் திறந்து பிடித்தார்.

“போகச் சொல்றார் அம்மா.”

“பாக்கல்லியேகா. மறுகா பின்னால கூப்பிட்டா? பாத்திற்றே விடட்டும்.” பிறகு பந்தலைப் பார்த்துச் சத்தமாக, “தம்பி, பாருங்க!” என்றார்.

அவர் மறுபடியும் கையை அசைத்தார். அம்மா பையை இன்னும் அகலமாகத் திறந்தார். கடைசியில் அவர் எழுந்து மழைக்குள் வந்தார். அம்மாவின் பைக்குள் இருந்த அடையாள அட்டையையும் சோற்றுப் பார்சலையும் தூரத்திலிருந்தே பார்த்தார். பிறகு என் பேசினைப் பார்த்தார்.

“பாலம,” என்றார்.

சிங்களத்திலும் பாலத்துக்கு ஏறக்குறைய அதே சொல்தான். “ஓம், பாலம்,” என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு பக்கமாகப் பார்த்தார். மற்றப் பக்கம் போய்ப் பார்த்தார். மேலால் பார்த்தார். கையை உள்ளே விடவில்லை. தொடவே இல்லை. “ஹொந்தாய்,” என்றார், நல்லது என்று. மூன்று பேரும் மழையில் நின்றோம். அம்மா பையை மூடலாமா என்று என்னைப் பார்த்தார். ஆமிக்காரர் அம்மாவைப் பார்த்தார். யார் முதலில் நகர வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் தலையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு ஓடினார்.

“பாத்தியா? நல்ல பொடியன்,” என்றார் அம்மா. பார்க்கச் சொல்லிப் பார்க்க வைத்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. நடந்துபோகும்போது எனக்கு ஏதோ ஏமாந்துவிட்டதுபோல இருந்தது. யார் ஏமாற்றினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேல்பக்கத்தை மூடியிருக்கலாம் என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நகைக்கடை ஒன்றிலிருந்து தராசு இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். என் பாலத்தை அதில் வைத்தபோது சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வந்திருந்தவற்றில் அதுதான் மிக இலேசு. மேலே குச்சி இல்லையே.

நடுவர் ஒரு பொறியியலாளர். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர். ஒவ்வொரு பாலத்துக்கும் பாரம் போடுவதற்கு முன் கேள்வி கேட்டார். என்னிடம் வந்ததும் சுண்டுவிரலால் மேல்பக்கத்தைக் காட்டினார்.

“இதை ஏன் திறந்து விட்டிருக்கிறீங்க?”

“உள்ளுக்குப் பாக்கிறதுக்கு சேர்.”

“யார் பாக்கிறதுக்கு?”

“சென்றியில சேர்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார்கள். நடுவர் சிரிக்கவில்லை.

“இண்டைக்குப் பாத்தாங்களா?”

“அவங்களாக் கேக்கல்ல சேர். அம்மாதான் கூப்பிட்டுக் காட்டினா.”

இந்தத் தடவை மண்டபம் முழுவதும் சிரித்தது. நடுவரும் சிரித்தார். பிறகு கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார். எழுதுவதற்கு எடுத்த பேனையை மூடி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. படுவான்கரையிலிருந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்துதான் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ரீச்சர் மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகரத்துப் பள்ளிக்கூடங்களின் பாலங்கள் அழகானவை. மேலும் கீழும் பக்கமும் மூடி, பெட்டி போல இறுக்கமானவை. வாளியில் மண் விழ விழ அவை அசையவே இல்லை. மண் போட்டுக்கொண்டிருந்த ஆசிரியரே சலித்துப்போனார். திடீரென்று டப்பென்று ஒரு சத்தம். பாலம் இரண்டாகி, வாளி நிலத்தில் அடித்தது. முதல் சத்தத்துக்கே அம்மா கதிரையை விட்டு எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டார். நான் போய்க் கூட்டிவந்தேன். அடுத்ததும் அப்படித்தான் உடைந்தது. அதற்கு அடுத்ததும்.

என் முறை வந்தது. பாதி வாளி நிறைவதற்கு முன்பே ரீச்சர் சொன்னது நடந்தது. மேல் விளிம்பு இரண்டும் மெதுவாக உள்பக்கம் சாயத் தொடங்கின. மண் போட்ட ஆசிரியர் கையை நிறுத்தி நடுவரைப் பார்த்தார்.

“போடுங்க, இன்னும் உடையேல்லையே,” என்றார் நடுவர்.

ஒரு குவளை போட்டதும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. இன்னொரு குவளைக்கு இன்னும் கொஞ்சம். சத்தம் எதுவும் இல்லை. உடையும் உடையும் என்று எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அது உடையாமல் சாய்ந்துகொண்டே இருந்தது. முன்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்தார்கள். நடுவரே காலை இழுத்துக்கொண்டார். கடைசியில் ஒட்டிய இடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் பிரிந்தன. வாளி நிலத்தில் வைத்ததுபோல உட்கார்ந்தது.

மூன்றாம் இடம். இலேசாக இருந்ததால் கிடைத்த இடம். மாகாணத்துக்குப் போவது முதலிடம் மட்டும்தான். ரீச்சர் என் தோளில் கையை வைத்து, “பரவாயில்ல,” என்றார். எனக்குக் கணிதப் பிரிவு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நிற்பதைக் காட்டத்தான் அம்மாவைக் கூட்டிவந்தோம். அம்மா பார்த்தது சாய்ந்ததை.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. சென்றியில் கதிரை மட்டும் இருந்தது, ஆள் இல்லை. அப்படியிருந்தும் அம்மா பையைத் திறந்து பிடித்துக்கொண்டே கடந்தார். பாதை நடு வாவிக்கு வந்தது.

“மத்ததெல்லாம் டப்பெண்டு போயிட்டு,” என்றார் அம்மா.

“ஓம்.”

“உன்டது மட்டும் அப்பிடிப் போகல்ல.”

“அது பிழையம்மா. மேல குச்சி வைக்காததால சாஞ்சது. அதாலதான் தோத்தம்.”

“சாஞ்சு காட்டிற்றுத்தானே போச்சு. முன்னுக்கு நிண்ட புள்ளையளெல்லாம் விலகிச்சுதுகள். அந்தச் சேர்கூட விலகினார்.” தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். “கடல் அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல. எங்கட வீடும் சொல்லல்ல. கல்வீடு, அது நிக்கும் எண்டுதான் நானும் உள்ளுக்க நிண்டன்.”

பேசினுக்குள் கிடந்த குச்சிகளை அம்மா விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

“அங்க போய்ப் படிச்சா இப்பிடித்தான் கட்டுவியா?”

“எப்பிடி?”

“விழுறதெண்டா சொல்லிப்போட்டு விழுற மாதிரி.”

நான் தோற்ற காரணத்தைப் படிக்கப் போகச் சொல்கிறாரா, அந்தக் காரணத்தைத் திருத்தப் போகச் சொல்கிறாரா என்று விளங்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரேயொரு பதில்தான் சொல்ல முடியும் என்பது மட்டும் விளங்கியது.

“ஓம்,” என்றேன்.

“அப்ப போ. ஆனா மேல்மாடியில கட்டில் கேள். கீழ படுக்காத.”

இதுதான் எட்டாவது.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரை நடந்தது. எந்தக் கட்டமைப்பும் உடைவதற்கு முன் வளைந்தோ வெடிப்புக் காட்டியோ ஆட்களுக்கு விலக நேரம் கொடுக்க வேண்டும், அப்படி வடிவமைப்பதுதான் எங்கள் கடமை என்றார் விரிவுரையாளர். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த கிழமை அவர் இன்னொன்று சொன்னார். மேல் விளிம்பு பக்கவாட்டில் சாய்ந்து முறிவது ஆபத்தான வகை, அது சாதாரணமாக முன்னறிவிப்புத் தராது என்றார்.

அப்படியென்றால் என்னுடையது ஏன் அவ்வளவு மெதுவாகச் சாய்ந்தது? விடுதி அறையில் பற்குச்சியும் அதே வெள்ளைப் பசையும் வாங்கி ஒட்டிப் பார்த்தேன். காய்ந்த மூட்டு டக்கென்று விட்டது. தண்ணீர் தெளித்து வைத்த மூட்டு இளகி, இழுபட்டு, மெதுவாக வழுக்கியது. அந்தப் பசை ஈரம் தாங்காது. போட்டி நாளில் என் பாலம் நனைந்திருந்தது. பொலித்தீன் போடாததால் நனைந்தது. குடையைச் சுருக்கியதால் நனைந்தது. எல்லாவற்றையும்விட, போகச் சொன்னவரைக் கூப்பிட்டு அம்மா பார்க்கச் சொன்ன நேரத்தில் நனைந்தது.

அம்மா கேட்டது சரியானது. அதற்கு அவர் கண்ட சாட்சி பிழையானது. அந்தச் சாட்சியை உண்டாக்கியதும் அவரேதான். இதை எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் எனக்கு ஒரே விடை வருவதில்லை.

விடுமுறைக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் முழுவதையும் கேட்டார்.

“அப்ப மழை பெய்யாட்டி?”

“டப்பெண்டு உடைஞ்சிருக்கும்.”

“நான் விட்டிருக்கமாட்டன்,” என்றார். பிறகு, “நல்ல காலம், அந்தப் பொடியன் எழும்பி வந்தது,” என்று சொல்லி மீனைத் திருப்பினார்.

இப்போது நிலைமை இது. துறையில் கொங்கிரீட் பாலம் வந்துவிட்டது. அதை நான் கட்டவில்லை. பாதை ஓடுவதில்லை, அந்தச் சென்றியும் இல்லை. அம்மாவும் அப்பாவும் படுவான்கரையில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருக்கிறார்கள். வீட்டை என் பெயருக்கு எழுதியிருக்கிறார்கள். நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கட்டமைப்புப் பொறியியலாளராக வேலை செய்கிறேன். வாடகைக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். என் வரைபடங்களில் பாலங்களின் மேல்பக்கத்துக்குக் குறுக்குக் கட்டு இருக்கிறது. அம்மா என்னைப் பார்க்க நகரத்துக்கு வருவார். பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிடுவார்.